சூடான கேரமல் ஆரஞ்சு, கிரேப்ஃப்ரூட்: எங்க சொதப்புது, எப்படி சரி பண்றது

பழத்தை ரெண்டா வெட்டி மேல சக்கரை தூவி சூடு காட்டினா முடிஞ்சுது, இதுல என்ன தப்பு நடந்துடப் போகுதுன்னுதான் நானும் ஆரம்பிச்சேன். முதல் தடவை கிடைச்சது சக்கரைத் தண்ணில மிதக்கிற வெந்த பழம். ரெண்டாவது தடவை மேல கரி, உள்ள ஃப்ரிட்ஜ்லேந்து எடுத்த அதே ஜில்லு. மூணாவது தடவை பாக்க அவ்ளோ அழகா இருந்துச்சு, வாயில வெச்சா கசப்பு. அப்புறம் உக்காந்து யோசிச்சப்பதான் புரிஞ்சுது, இதுல வர்ற முக்கால்வாசி பிரச்சனைக்கு தண்ணிதான் காரணம். ஆரஞ்சுல சுமார் 87 சதவீதம் தண்ணி, ஆரஞ்சு மாதிரியே ஆனா பெருசா, லேசா கசக்கிற கிரேப்ஃப்ரூட்ல அதைவிட கொஞ்சம் ஜாஸ்தி. ஈரம் இருக்கிற இடத்துல சூடு 100 டிகிரிய தாண்டி பெருசா ஏறாது, ஆனா சாதா வெள்ளை சக்கரை கேரமலா மாற 160 டிகிரி பக்கம் போகணும். அதனால பழம் சாறு விடுறதுக்கு முன்னாடி மேல இருக்கிற சக்கரை கலர் மாறிடணும். இதை மட்டும் மனசுல வெச்சுக்கிட்டு கீழ உங்க பிரச்சனை எதுன்னு பாத்து படிங்க, முழுசா படிக்கணும்னு இல்ல.

அளவு ஒரு தடவை சொல்லிடறேன். பாதி கிரேப்ஃப்ரூட்டுக்கு 2 டீஸ்பூன் சக்கரை, பாதி ஆரஞ்சுக்கு ஒண்ணு, ஒண்ணரை டீஸ்பூன். கடாயில வட்டமா வெட்டிப் போடறதா இருந்தா துண்டு 1 சென்டிமீட்டர் கனம் இருக்கணும்.

"சக்கரை உருகி தண்ணியா வழிஞ்சிடுது, கலரே வரல"

எல்லாருக்கும் முதல்ல வர்றது இதுதான். ஓவன்ல வெச்சு பத்து நிமிஷம் கண்ணாடி வழியா பாத்துக்கிட்டே நிப்போம், சக்கரை பளபளன்னு கரையும், ஓரமா வழியும், அப்புறம் பழமே சுருங்க ஆரம்பிச்சிடும், ஆனா பொன்னிறம் மட்டும் வரவே வராது.

முதல்ல பாக்க வேண்டியது வெட்டின பக்கம் காஞ்சிருக்கான்னு. வெட்டினவுடனே பழத்தை டிஷ்யூ பேப்பர் மேல கவுத்து வெச்சு ஒரு அஞ்சு நிமிஷம் விட்டுடுங்க, அப்புறம் புது டிஷ்யூல இன்னொரு தடவை ஒத்தி எடுங்க. அழுத்தக் கூடாது, அழுத்தினா சுளை உடைஞ்சு மறுபடி சாறு வரும். ரெண்டாவது, சக்கரைய எப்ப போடுறீங்கங்கிறது. முன்னாடியே தூவி வெச்சுட்டு, ஓவனை இப்பதான் ஆன் பண்றேன்னா கதை முடிஞ்சுது, சக்கரை பழத்துலேந்து சாறை வெளிய இழுத்துடும், அஞ்சே நிமிஷத்துல மேல ஒரு குட்டி குளம் கட்டி நிக்கும். ஓவன் நல்லா காஞ்சு, மேல் ராடு செவசெவன்னு ஆனதுக்கு அப்புறம் சக்கரை தூவி உடனே உள்ள தள்ளணும்.

மூணாவது, ஓவன்ல மேல் ராடு மட்டும் ஓடணும். கீழயும் மேலயும் சேர்த்து ஓட விட்டா பழம் கீழேந்து வெந்து சாறு விடும், அதாவது நமக்கு எது வேண்டாமோ அதுவே நடக்கும். ராடுக்கும் பழத்துக்கும் நடுவுல 5லேந்து 8 சென்டிமீட்டர் இருந்தா போதும். தட்டை நடு அடுக்குல வெச்சுட்டு கலர் வரலயேன்னு டைம் கூட்டிக்கிட்டே போறது வேலைக்கு ஆகாது, நான் பண்ணிப் பாத்திருக்கேன், பழம்தான் கொழகொழன்னு ஆச்சு. சரியான தூரத்துல வெச்சா 3லேந்து 6 நிமிஷத்துல வேலை முடிஞ்சிடும், 8 நிமிஷம் ஆகியும் ஒண்ணும் நடக்கலன்னா அந்த ஓவனோட ராடுக்கு அவ்ளோ தெம்பு இல்லன்னு அர்த்தம், கேஸ்ல தீ கக்குற சமையல் டார்ச் வாங்குங்க இல்ல கடாய்க்கு மாறிடுங்க.

இதுக்கு மேல ஒரு வழி இருக்கு, டார்ச் வெச்சிருக்கவங்களுக்கு. சக்கரைய ரெண்டு தடவையா போடுங்க. முதல்ல மெல்லிசா ஒரு பூச்சு, அதை உருக்கி லேசா கலர் வந்து கெட்டியானதும் அதுமேல ரெண்டாவது பூச்சு. முதல் பூச்சு பழத்தோட ஈரத்தை மறைச்சுக்கும், ரெண்டாவது பூச்சு காஞ்ச தளத்து மேல உக்காருறதால டக்குனு பொன்னிறமாயிடும். இது தெரிஞ்சதுக்கு அப்புறம் நான் ஒரே தடவையா அப்பி வெக்கிறத விட்டுட்டேன்.

ஏற்கனவே வழிஞ்சு போச்சுன்னா? அந்த சாறை ஒரு சின்ன பாத்திரத்துல சாச்சு தனியா கொதிக்க விட்டு பாகாக்கி மேல ஊத்திக்கோங்க. மொறுமொறுப்பு இருக்காது, ருசி இருக்கும்.

"ஒரு பக்கம் கரி, ஒரு பக்கம் வெள்ளையா சக்கரை அப்படியே இருக்கு"

பழம் சாஞ்சு உக்காந்திருக்கு, அவ்ளோதான். அடிப்பக்கம் மெல்லிசா ஒரு சீவு சீவி தட்டையாக்குங்க, சதை தெரியாத அளவுக்கு, தோல் மட்டும். சதை வரைக்கும் வெட்டிட்டா சாறெல்லாம் கீழ ஒழுகிடும்.

சமமா உக்காந்தும் திட்டு திட்டா வந்தா சக்கரைய பாருங்க. ஐசிங் சுகர்ல கட்டி பிடிக்காம இருக்க ஸ்டார்ச் கலந்திருப்பாங்க, அது மாவு மாதிரி ஒட்டிக்கிட்டு சரியா உருகாது. பெரிய பெரிய கல் சக்கரை உருக லேட்டாகும், அதுக்குள்ள பக்கத்துல இருக்கிறது கருகிடும். பிரவுன் சுகர் வாசனைக்கு அருமைதான், ஆனா அதுல ஈரம் இருக்கு, மொலாசஸ்ங்கிற கருப்பு கரும்புப் பாகும் இருக்கு, கட்டி கட்டியா விழும், சீக்கிரம் கருகும். தேனும் அப்படித்தான், அதுல ஃப்ரக்டோஸ்னு ஒரு வகை சக்கரை ஜாஸ்தி, ஃப்ரக்டோஸ் 110 டிகிரிலயே கலர் மாற ஆரம்பிச்சிடும், அதனால தேனை சூட்டுக்கு முன்னாடி தடவாதீங்க, இறக்கினதுக்கு அப்புறம் ஊத்துங்க. பழத்து மேல மூடி மாதிரி மொறுமொறுன்னு கேரமல் நிக்கணும்னா சாதா வெள்ளை சக்கரை, கொஞ்சம் பொடிசா இருந்தா இன்னும் நல்லது. கை ஒரு அடி உயரத்துல வெச்சு தூவினா சமமா விழும்.

டார்ச்னா ஒரே இடத்துல காட்டாம சின்ன சின்ன வட்டமா சுத்திக்கிட்டே இருங்க. பழத்துல கேஸ் வாசனை அடிக்குதுன்னா தீ மஞ்சளா எரியுது இல்ல ரொம்ப கிட்ட பிடிக்கிறீங்க, நீலமா சத்தத்தோட எரியற தீதான் வேணும்.

"மேல சூப்பர், உள்ள ஐஸ் மாதிரி"

ஃப்ரிட்ஜ்லேந்து நேரா எடுத்திருப்பீங்க. ஒரு மணி நேரம் முன்னாடி வெளிய வெச்சிடுங்க. காலைல எங்க அவ்ளோ நேரம்னா, வெட்டாம முழு பழத்தை கை பொறுக்கிற வெந்நீர்ல ஒரு 10 நிமிஷம் போட்டு வைங்க. மைக்ரோவேவ்ல வெட்டின பழத்தை வெக்கலாம்தான், ஆனா 20, 30 செகண்ட்ல நிறுத்தணும், வெளிய எடுத்ததும் மறுபடி ஒத்தி காய வெக்கணும், ஏன்னா கண்டிப்பா சாறு விட்டிருக்கும். டார்ச் யூஸ் பண்றவங்களுக்குத்தான் இது ஜாஸ்தி வரும், டார்ச் மேல் தோல மட்டும்தான் தொடும், பழத்தை சூடாக்குற வேலை அதுக்கு தெரியாது. சிலர் மேல சூடு உள்ள ஜில்லுன்னு இருக்கிறதுதான் பிடிக்கும்பாங்க, டெசர்ட்டா சாப்பிட்டா எனக்கும் பிடிக்கும், ஆனா காலைல வெறும் வயித்துல பல்லு கூசுது.

"கசக்குது"

இதுல கொஞ்சம் நிதானமா உக்காரணும், ஏன்னா கசப்பு ஒரே கசப்பு இல்ல, எங்கேந்து வருதுன்னு தெரியாம இன்னும் சக்கரை கொட்டினா பிரச்சனை பெருசாகும்.

மேல இருக்கிற கேரமல் மூடிய மட்டும் ஒரு துண்டு உடைச்சு தனியா சாப்பிட்டு பாருங்க. அதுவே கசந்தா சக்கரை கருகியிருக்கு. பொன்னிறத்துலேந்து தேன் கலருக்கு வரும்போது ருசி உச்சத்துல இருக்கும், அதுக்கு மேல 190 டிகிரிய தாண்டினா கருகல் கசப்புதான், அங்க போக சில செகண்ட் போதும். இன்னொரு விஷயம், தீய நிறுத்தினாலும் சக்கரைல இருக்கிற சூட்டுல அது இன்னும் ஒரு படி கருத்துடும், அதனால நீங்க நினைக்கிற கலருக்கு கொஞ்சம் முன்னாடியே எடுத்துடணும்.

மூடி நல்லாத்தான் இருக்கு, சதைதான் கசக்குதுன்னா தோலுக்கும் சுளைக்கும் நடுவுல இருக்கிற வெள்ளைப் பகுதியையும் சுளைய சுத்தி இருக்கிற சவ்வையும் பாருங்க. கிரேப்ஃப்ரூட் கசப்புக்கு முக்கிய காரணம் நரிஞ்சின்னு ஒரு பொருள், அது இந்த வெள்ளைலயும் சவ்வுலயும்தான் நிறைய. வட்டமா வெட்டி கடாயில போடறவங்க தோல சீவும்போது வெள்ளை துளி கூட ஒட்டாம ஆழமாவே சீவிடுங்க, கொஞ்சம் சதை போனா போகுது. தோலோட போட்டா பாக்க அழகா இருக்கும்தான், ஆனா சூடான சாறு வெள்ளைய ஊற வெச்சு கசப்ப எல்லாம் பாகுல இறக்கிடும். தோலோடதான் வேணும்னா கொதிக்கிற தண்ணில ரெண்டு மூணு தடவை போட்டு எடுங்க, ஒவ்வொரு தடவையும் புதுத் தண்ணி. எலுமிச்சை வட்டத்துக்கு இது கட்டாயம்னே சொல்வேன்.

மூணாவதுதான் ஆளை குழப்புற கசப்பு. பச்சையா சாப்பிட்டா தேனா இருந்த ஆரஞ்சு, சமைச்சு அரை மணி நேரத்துல கசக்கும். தொப்புள் மாதிரி அடியில ஒரு குட்டிப் பழம் ஒட்டியிருக்குமே, நேவல் ஆரஞ்சு, அதுல இது ரொம்ப சகஜம். முழுப் பழத்துல கசக்காத ஒரு பொருள், சதை உடைஞ்சு புளிப்போட சேர்ந்ததும் மெல்ல மெல்ல லிமோனினா மாறிடும், அதுதான் கசப்பு, சூடு பட்டா இன்னும் சீக்கிரம் மாறும். இதுக்கு வைத்தியம் கிடையாது, சீக்கிரம் சாப்பிடறதுதான். நேவலை முன்னாடி நாளே பாகுல ஊற வெச்சுடலாம்னு பிளான் போடாதீங்க. முன்னாடியே செஞ்சு வெக்கணும்னா வேற ரக ஆரஞ்சு எடுங்க. விதைய நசுக்காம எடுத்துடறதும் முக்கியம், லிமோனின் சங்கதி விதைலயும் நிறைய இருக்கு.

எந்த கசப்பா இருந்தாலும் சாப்பிடும்போது ஒரு சிட்டிகை உப்பு தூவி பாருங்க. உப்பு நாக்குல கசப்ப அடக்கும், சக்கரைய விட நல்லாவே அடக்கும். கருகின சக்கரைக்கு மட்டும் அது ஆகாது, மூடிய கழட்டி போட்டுட்டு புதுசா தூவி செய்யுங்க.

கிரேப்ஃப்ரூட் பேச்சு வந்ததால ஒண்ணு சொல்லிடறேன், கொலஸ்ட்ரால், பிரஷர் மாத்திரை சிலது சாப்பிடறவங்களுக்கு கிரேப்ஃப்ரூட் ஒத்துக்காது, மருந்தோட அளவு ரத்தத்துல ஏறிடும். சமைச்சுட்டா சரியாயிடும்னு நம்பி இருக்காதீங்க. டாக்டர்கிட்ட கேட்டுக்கோங்க, விருந்தாளிக்கு போடறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேளுங்க. ஆரஞ்சுல செஞ்சா இந்த தொல்லை இல்ல, மர்மலேட், அதாவது தோலோட செய்யற ஆரஞ்சு ஜாம் போடற கசப்பு ஆரஞ்சு மட்டும் விதிவிலக்கு.

"கடாயில போட்டா துண்டு பிஞ்சு கூழாயிடுது"

சாஸ் கெட்டியாகட்டும்னு பழத்தை அதுலயே விட்டு கொதிக்க விட்டிருப்பீங்க. பழத்துக்கு ஒரு பக்கம் ஒரு நிமிஷம் போதும், சாஸ் கெட்டியாக மூணு நாலு நிமிஷம் வேணும், ரெண்டையும் ஒண்ணா நடத்த முடியாது. சக்கரை உருகி தேன் கலர் வந்ததும் துண்டுகளை போட்டு, ஒரு நிமிஷம், திருப்பி இன்னொரு நிமிஷம், தட்டுக்கு எடுத்துடுங்க. கடாயில மிச்சம் இருக்கிற சாறை மட்டும் பெரிய தீயில கொதிக்க விட்டு கெட்டியானதும் பழத்து மேல ஊத்துங்க. கடாய் அகலமா இருக்கணும், துண்டு மேல துண்டு ஏறி உக்காந்தா வறுபடாது, ஆவியில வேகும். கரண்டிய விட்டு கிளறவே கிளறாதீங்க, அடிய தூக்கி திருப்பற தட்டைக் கரண்டி போதும்.

கமலா ஆரஞ்சு இதுக்கு சரிவராது, தோல் லூசா இருக்கிற பழத்துல சுளைங்க ஒண்ணோட ஒண்ணு ஒட்டியிருக்காது, வட்டமா வெட்டினா கடாயில தனித்தனியா பிரிஞ்சு ஓடும். அதை முழுச் சுளையாவே போட்டு 30 செகண்ட் புரட்டி எடுங்க.

"பழத்தை போட்டதும் கேரமல் கல்லாயிடுச்சு"

பயப்படாதீங்க, இது தப்பே இல்ல. சூடான கேரமல் மேல ஜில்லுன்னு பழம் விழுந்தா அது கெட்டியாகத்தான் செய்யும். தீய குறைச்சு அப்படியே விடுங்க, பழம் விடுற சாறுலயே ரெண்டு நிமிஷத்துல கரைஞ்சு வந்துடும். பதறிப் போய் தண்ணி ஊத்தினா பாகு நீத்துப் போயிடும், அதுவும் 160 டிகிரி சக்கரைல தண்ணி பட்டா சீறிக்கிட்டு தெறிக்கும். சாறு ஊத்தியே ஆகணும்னா லேசா சுட வெச்சு, கைய தள்ளி வெச்சு, கொஞ்சம் கொஞ்சமா ஊத்துங்க.

கேரமல் தெறிச்சு கையில பட்டுச்சுன்னா ஐஸ் வேண்டாம், ஓடுற சாதா தண்ணில 20 நிமிஷம் காட்டுங்க.

"சக்கரை உருகாம மணல் மணலா திரும்பிடுச்சு"

கிளறியிருக்கீங்க. தண்ணி சேர்த்து பாகு காச்சும்போது ஓரத்துல ஒட்டின ஒரு சக்கரை மணி உள்ள விழுந்தாலே மொத்தமும் அதை பிடிச்சுக்கிட்டு திரும்ப சக்கரையாயிடும். கடாய பிடிச்சு லேசா சுத்தி விடறதோட நிறுத்துங்க. நம்ம கையிலயே மருந்து இருக்கு, ஆரம்பத்துலயே நாலு சொட்டு எலுமிச்சை சாறு. புளிப்பு சக்கரைய ரெண்டா உடைச்சு குளுக்கோஸ், ஃப்ரக்டோஸாக்கிடும், கலப்படமான கூட்டத்துல மணி கட்டாது. ஏற்கனவே மணலாயிட்டா ரெண்டு மூணு ஸ்பூன் தண்ணி விட்டு முழுசா கரைய விட்டு மறுபடி காச்சுங்க, வீணாகல.

"வெண்ணெய் பிரிஞ்சு எண்ணெயா மிதக்குது, கருப்பு புள்ளியும் இருக்கு"

வெண்ணெய்ய முதல்லயே போட்டு அதுல சக்கரைய உருக்கினா, சக்கரை கேரமலாகிறதுக்குள்ள வெண்ணெய்ல இருக்கிற பால் சத்து கருகிடலாம். கடைசில, அடுப்ப அணைச்சதுக்கு அப்புறம், ஜில்லுன்னு ஒரு சின்ன துண்டு போட்டு கடாய சுத்தி சுத்தி கரைங்க. பிரிஞ்சு போனதுக்கு ஒரு ஸ்பூன் வெந்நீர் விட்டு வேகமா அடிச்சா பெரும்பாலும் ஒண்ணு சேர்ந்துடும்.

"மொறுமொறுன்னு இருந்துச்சு, டேபிளுக்கு வர்றதுக்குள்ள பிசுபிசுன்னு ஆயிடுச்சு"

கேரமல் ஈரத்தை இழுக்கும், காத்துலேந்தும் இழுக்கும், கீழ இருக்கிற பழத்துலேந்து அதைவிட வேகமா இழுக்கும். இறக்கினதும் ரெண்டு நிமிஷம் விட்டாதான் மூடி கெட்டியாகும், அதுலேந்து பத்து, பதினஞ்சு நிமிஷம்தான் அதோட ஆயுசு. ஃப்ரிட்ஜ்ல வெச்சு காப்பாத்த முடியாது, அங்க இன்னும் மோசமாகும். ஆளுங்க வந்து உக்காந்ததுக்கு அப்புறம்தான் சூடு காட்டணும், வெட்டி ஒத்தி வெக்கிற வேலைய மட்டும் முன்னாடியே முடிச்சுக்கோங்க. பிசுபிசுத்துப் போனதுக்கு மேல மெல்லிசா சக்கரை தூவி மறுபடி ஒரு தடவை டார்ச் காட்டலாம், ஒரு தடவை மட்டும்.

"மூடிய உடைச்சு ஸ்பூன் விட்டா சுளை வரமாட்டேங்குது, பழமே தட்டுலேந்து ஓடுது"

சூடு காட்டுறதுக்கு முன்னாடியே கூரான சின்ன கத்திய விட்டு சுளைய சவ்வுலேந்து பிரிச்சு வெச்சுடணும், சுத்து வட்டமாவும் ஒரு ரவுண்டு. அப்புறம் ஒத்தி எடுங்க, ஏன்னா இதுலயும் சாறு வரும். இதை விட்டுட்டு செஞ்சா சாப்பிடறவங்க சட்டைல சாறு பீச்சி அடிக்கும், என் வீட்டுல ஒருத்தர் கண்ணுலயே அடிச்சிருக்கு.

"தயிர் மேல போட்டேன், தண்ணி விட்டுக்கிச்சு"

சூடும் புளிப்பும் சேர்ந்தா பால் சம்பந்தப்பட்டது எதுவா இருந்தாலும் பிரியப் பாக்கும். பழத்தை அஞ்சு நிமிஷம் ஆற விட்டு, சாறை வடிச்சுட்டு, கெட்டித் தயிர் மேல வைங்க. கொழுப்பு அதிகமா இருக்கிற க்ரீம் சுலபமா பிரியாது. ஐஸ்க்ரீம் உருகத்தான் செய்யும், அதுக்குத்தானே போடறோம். சூடான பால் ஓட்ஸ்ல சாறை நேரா ஊத்திடாதீங்க.

"இரும்பு வாசனை வருது"

பூச்சு இல்லாத அலுமினியம், சரியா பழகாத இரும்பு வாணலி, இது ரெண்டும் புளிப்போட சண்டை போடும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் நல்லது, கலரும் நல்லா தெரியும். நான்ஸ்டிக் கருப்பா இருந்தா கேரமல் எந்த கலர்ல இருக்குன்னே தெரியாது, வெள்ளைத் தட்டுல ஒரு சொட்டு விட்டு பாருங்க.

"புகை, தீ, ஒட்டிப் போன பாத்திரம்"

மேல் ராடுக்கு கிட்ட பேக்கிங் பேப்பர் விரிக்காதீங்க. நான் விரிச்சேன், ஓரம் சுருண்டு மேல போய் ராடை தொட்டுச்சு, பிடிச்சுக்கிச்சு. அதுமாதிரி ஆனா கதவ திறக்காம ஸ்விட்ச்ச ஆஃப் பண்ணுங்க, காத்து இல்லாம தானா அணைஞ்சிடும். கண்ணாடி பாத்திரமும் வேண்டாம், திடீர் சூட்டுல வெடிக்கும். கனமான உலோகத் தட்டு, வேணும்னா அலுமினியம் ஃபாயில். தட்டுல வழிஞ்ச சக்கரைதான் முதல்ல புகையும், அதனால தூவும்போது வெளிய விழுந்தத துடைச்சுட்டு உள்ள வைங்க.

ஒட்டிப் போன கடாய கம்பி நார் போட்டு சுரண்டாதீங்க. தண்ணி ஊத்தி அடுப்புல வெச்சு அஞ்சு நிமிஷம் கொதிக்க விடுங்க, ஸ்பூனும் கரண்டியும் அதுலயே போட்டுடுங்க, கேரமல் எல்லாம் சக்கரைதானே, தானா கரைஞ்சு வந்துடும்.